கோட்டையும் தறியும்: வரலாற்று நடை ஒன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

நூல் விமர்சனம், நாடக விமர்சனம், திரைப்பட விமர்சனம் என்பன நமது சஞ்சிகைகளுக்குப் பழக்கமானவை. ஒரு நடையை விமர்சிப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வழிகாட்டி முன்னே சென்று "இந்த இடத்தில் நில்லுங்கள், இதைப் பாருங்கள், இனி அடுத்த இடத்துக்குப் போவோம்" என்று சொல்லும்போது அவரும் ஒரு கதையைத்தான் சொல்கிறார். எங்கே நிற்பது, எங்கே நில்லாமல் கடந்து போவது என்பதெல்லாம் கதைசொல்லியின் தெரிவு. ஆகவே நடையையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். நமது பிரதேசத்தில் அதை வாசிக்க வேண்டிய தேவையும் வந்திருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை, எமது பாடசாலையின் பத்தாம் தரப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை மட்டக்களப்பு நகரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வரலாற்றுப் பாடத்துக்கான களப் பயணம். நகரத்தின் பழைமையை நடந்தே காட்டக்கூடிய ஒருவர் கிடைத்தார். நல்ல மனிதர், குரல் வளம் உள்ளவர், ஆண்டுகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். மட்டக்களப்பு வாயிலைக் காட்டினார். 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் ஓல்ட்டின் சிலையைக் காட்டினார். வந்த மறு வருடமே அவர் இங்கு இறந்துபோனதைச் சொன்னார். புளியந்தீவின் பழைய கல்லூரிகளைக் காட்டினார். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டையைச் சுற்றிக் காட்டினார். அதன் பின் வாகனத்தில் கல்லடிக்குப் போய், 1924இல் தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயரால் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் மேல் நின்று பாடும் மீன்களைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். நானும் கேட்டேன்.

கடைசியில், வந்திருப்பவர்கள் முஸ்லிம் பிள்ளைகள் என்ற நல்லெண்ணத்தில், எங்களுக்கென்று ஒரு பந்தியையும் சேர்த்தார். "முஸ்லிம்கள் வியாபாரத்துக்காக இங்கு வந்தவர்கள். அரபு வணிகரின் வழித்தோன்றல்கள். பிறகு இங்கேயே தங்கிவிட்டார்கள்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்:

"சேர், எங்கட வாப்பா மேசன். வாப்பாட வாப்பா முல்லைக்காரனா இருந்தாராம். உம்மம்மா நூல் சுத்தினவ. எங்கட குடும்பத்துல ஒருத்தரும் யாவாரம் செய்யல்லியே. அப்ப நாங்க எப்படி சேர் வந்த?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இக்கட்டுரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தவறிய பதிலின் ஒரு பகுதிதான்.

முதலில் நியாயமாக இருப்போம். அந்த வழிகாட்டி பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன ஆண்டுகள் சரி, கட்டடங்கள் சரி, அரபு வணிகர் இத்தீவின் கரைகளுக்கு வந்ததும் சரி. குறை வேறிடத்தில் இருக்கிறது. அவர் நின்ற ஒவ்வொரு இடமும் கட்டுவித்தவனின் பெயரால் அறியப்படும் இடம். கட்டியவன் எங்கும் இல்லை. கோட்டைக்குக் கல் சுமந்தவன் யார்? பாலம் வருவதற்கு முன் கல்லடித் துறையில் ஆட்களை அக்கரை சேர்த்தவன் யார்? பாலம் திறந்த அன்று அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா? இந்தக் கேள்விகளுக்கு நடையில் நிறுத்துமிடம் இல்லை. எங்களைப் பற்றிச் சொன்னபோதும் அதே பார்வைதான் நீண்டது. எங்களுக்கு வணிகன் என்ற ஒரே உடுப்பை மாட்டி, 'வந்தவர்' என்ற ஒரே வினையைக் கொடுத்தார்.

இந்த உடுப்பை முதலில் தைத்தது அவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். தைத்தவர்களில் நாமும் இருக்கிறோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மாத்திரம் இஸ்லாமியர் என்பது அதன் சாரம். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது; அடுத்த வருடம் அந்த ஆசனம் கிடைத்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பை எழுதினார். நாம் அரபு வணிகரின் வழிவந்தவர்கள் என்பதை அவர் வலியுறுத்தினார். அன்றைய தேவையில் அது நியாயமான பதில். ஒரு சமூகத்தின் தனித்துவத்தை மறுத்து எழுதப்பட்ட ஒன்றுக்கு எதிராகக் கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பதில் கொழும்பிலிருந்து, வணிகத்தால் நிமிர்ந்த ஒரு வகுப்பினரின் நிலையிலிருந்து எழுதப்பட்டது. வாவிக்கரையில் வரம்பு கட்டியவனும் வலை இழுத்தவனும் அதில் எங்கே நிற்பது? அவர்களுக்காக யாரும் பேசாததால், கொழும்பு வணிகனின் வம்சவரலாறே கிழக்கின் கமக்காரனுக்கும் உரியதாயிற்று. நூறு வருடங்களுக்குப் பின் அதே பதிலை ஒரு வழிகாட்டி எங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பிச் சொல்கிறார். ஒரு மேசனின் மகள் தன் குடும்பத்தை அதில் காணாமல் தவிக்கிறாள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'வந்தவர்' என்பது இந்த நாட்டில் வெறும் வரலாற்றுச் சொல் அல்ல. வந்தவர் போகக்கூடியவர் என்று கேட்பவன் காதில் விழும். இந்திய வம்சாவளியினருக்கு 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்து இங்கு கடை வைத்திருந்த சம்மாங்காரரும் அதில் அகப்பட்டவர்களே. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்து எண்ணியபோது அது வெறும் கணக்காகத் தோன்றியிருக்கும். பின்னர் அந்தக் கோடு மனிதரைப் பிரித்தது.

சரி, வியாபாரிகள் மாத்திரம் இல்லையென்றால் நாம் யார்?

கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயரால் 1626இல் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நமது மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி. மன்னனின் பெருந்தன்மைக்கு உதாரணமாகவே அதைச் சொல்கிறோம். அதற்கு முன் இங்கு முஸ்லிம்கள் இருக்கவில்லை என்ற தவறான முடிவுக்கும் சிலர் அதிலிருந்து போகிறார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. அந்த நாலாயிரம் பேரும் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள்? நாலாயிரம் கடைகளையா திறந்தார்கள்? வாங்குவதற்கு யார் இருந்தார்? அவர்கள் காடு வெட்டியிருப்பார்கள், வயல் செய்திருப்பார்கள், மாடு வளர்த்திருப்பார்கள், மீன் பிடித்திருப்பார்கள். கரைக்கும் கண்டி மலைக்கும் இடையில் பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி, பாக்கு முதலியவற்றோடு திரும்பிய தவளங்களில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. தவளக்காரனை வணிகன் என்றே எழுதிவிடுகிறோம். காட்டுவழியில் மாட்டோடு நடந்து, மாட்டோடு படுத்து, குளம்பில் முள் ஏறினால் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டியவனை நான் தொழிலாளி என்றே சொல்வேன். சரக்கு வேறொருவருடையதாகவும் இருந்திருக்கலாம்.

வாவிக்கு இக்கரை எழுவான்கரை, அக்கரை படுவான்கரை. சூரியன் எழும் பக்கம் ஊர். விழும் பக்கம் வயல். காலையில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய் உழைத்து, அறுவடைக் காலத்தில் வாடியிலேயே தங்கி, சூடடித்து நெல்லோடு திரும்புவது தலைமுறைகளின் வாழ்க்கை. போடியாரை எல்லோருக்கும் தெரியும். போடியாரின் வயலில் ஆண்டு முழுதும் நின்று உழைத்த முல்லைக்காரனை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தமிழ்ப் போடியின் வயலில் முஸ்லிம் உழைத்தான். முஸ்லிம் போடியின் வயலில் தமிழன் உழைத்தான். களவெட்டிக்கென்று தனியான சொற்கள் இருந்தன. நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். அந்தச் சொற்களை இரு சமூகத்தாரும் ஒரே களத்தில் நின்று பேசினார்கள். வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. அத்தகைய நூல்கள் அந்தப் பண்பாட்டைப் பதிந்தன. ஆனால் அந்தக் களத்தில் யாருக்கு எத்தனை மரைக்கால் கூலி அளக்கப்பட்டது என்ற கணக்கு இன்னும் வயோதிபர்களின் வாயில்தான் இருக்கிறது.

அடுத்தது தறி. காத்தான்குடியிலும், தெற்கே மருதமுனையிலும் ஒரு காலத்தில் வீதியால் நடந்தால் தறிச்சத்தம் கூடவே வரும் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். ஆண்கள் குழியில் கால்போட்டு நெய்ய, பெண்கள் நூல் சுற்றிக் கொடுப்பார்கள். சாரனுக்கும் சேலைக்கும் பெயர் வைத்தது முதலாளி. நெய்தது ஒரு வீடு முழுவதும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதித் துணி சந்தையை நிரப்பியது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஏறத்தாழ அதே காலத்தில்தான் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் பெண்கள் போகத் தொடங்கினார்கள். நூல் சுற்றிய கைகள் வேற்று நாட்டு வீடுகளில் தரை துடைத்தன.

தொழில் வரலாறு எங்களுடையது மாத்திரம் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் பறங்கியர் போர்த்துக்கேய, ஒல்லாந்த மூதாதையரின் பெயர்களைச் சுமந்துகொண்டு தச்சர்களாகவும் கொல்லர்களாகவும் சப்பாத்துத் தைப்பவர்களாகவும் வாழ்ந்தவர்கள். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவர்களைப் பற்றி 1982இலேயே எழுதியிருக்கிறார். கோட்டையைக் கட்டுவித்தவனின் வழிவந்தவர் என்று நாம் நினைக்கும் ஒருவர் கதவு இணக்கிப் பிழைத்தார் என்பது வரலாற்று நடையில் சொல்லத்தக்க செய்தி இல்லையா? டச்பார் கரையில் இருந்த பறங்கியர் வீடுகளை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. வழிகாட்டி கோட்டையில் அரை மணித்தியாலம் நின்றார். டச்பாரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

வடக்கே வாழைச்சேனையில் காகித ஆலை இருக்கிறது, 1956இல் தொடங்கியது. எங்கள் வயல்களின் வைக்கோலும் அதற்கு மூலப்பொருளாகப் போனது. மூவின மக்களும் அங்கே ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போனார்கள். நாம் கவிதை எழுதிய தாளில் ஒரு காலத்தில் நமது வயலின் தாளே கலந்திருந்தது. இலக்கியக்காரர்களாகிய நாமாவது அந்த ஆலை வாசலில் ஒருமுறை நின்றிருக்க வேண்டும்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். நடை தவறவிட்டதை நமது எழுத்து தவறவிடவில்லை என்பது எனக்கு ஆறுதல். மருதமுனையின் மண்ணிலிருந்து எழுதிய மருதூர்க்கொத்தன் உழைக்கும் மனிதர்களைக் கதைக்குள் கொண்டுவந்தார். ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' 1992இல் தொகுதியாக வந்தபோது, வாவிக்கரைக் கிராமத்தின் சாதாரண மனிதன் அவனது பேச்சோடும் வியர்வையோடும் நமது சிறுகதைக்குள் எவ்வளவு இயல்பாக நிற்கிறான் என்பதைக் கண்டோம். வாழைச்சேனை வை. அஹ்மத்தும் அந்த வழியில் நடந்தவர். இவர்களுக்கெல்லாம் முன்னரே, எழுதத் தெரியாத பெண்கள் நாட்டார் கவியில் வயற்காவலையும் வாடியையும் பிரிவையும் பாடிவைத்தார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் ஊரூராய் அலைந்து அவற்றைத் தேடிச் சேர்த்திருக்காவிட்டால் அவையும் போயிருக்கும். அந்தக் கவிகளைக் காதல் பாட்டு என்று மாத்திரம் வகுப்பில் படிப்பிக்கிறோம். காவற்பரணில் இரவு முழுவதும் விழித்திருக்கும் ஒருவனை நினைத்துப் பாடப்படும் பாட்டு ஒரு வேலைநேர அட்டவணையும்தான். அவன் எந்த மாதம் போனான், எப்போது வருவான், கையில் என்ன கொண்டுவருவான் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. வரலாற்று ஆசிரியர்கள் கவியைத் தமிழ்ப் பாட ஆசிரியரிடம் தள்ளிவிட்டு ஒதுங்குகிறார்கள். நானும் அப்படி ஒதுங்கியவன்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பு மக்களிடம் நீண்ட காலமாக ஒரு கதை வழங்கி வருகிறது. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' போன்ற ஏடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கதையும் கூட வரும். முக்குவருக்கும் திமிலருக்கும் போர் நடந்தது. பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றார்கள். திமிலர் வடக்கே துரத்தப்பட்டார்கள். பகைவரை வென்ற இடம் சத்துருக்கொண்டான். பகைவர் ஏறாத ஊர் ஏறாவூர். துரத்தியவர்கள் வந்து இளைப்பாறிய இடம் வந்தாறுமூலை. துணை நின்ற பட்டாணியர் ஏறாவூரில் குடியமர்ந்தார்கள். அவர்கள் வழியினரே அங்குள்ள முஸ்லிம்கள். ஊர்ப்பெயருக்குப் பின்னர் புனையப்பட்ட விளக்கம் இது என்று ஆய்வாளர் சொல்லக்கூடும். ஆனால் கதையின் அமைப்பைப் பாருங்கள். அதுவே ஒரு வரலாற்று நடை. தெற்கிலிருந்து வடக்கே ஒரு வீதி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒரு சம்பவம். அதில் வரும் முஸ்லிம் வியாபாரியும் அல்லன், விருந்தாளியும் அல்லன். அயலானோடு தோள்கொடுத்து நின்றவன். திமிலர் பக்கமிருந்து இதே கதையை எப்படிச் சொல்வார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டியதே; வென்றவன் சொல்லும் கதைதான் பெயராக நிலைத்திருக்கிறது.

அதே வீதியில் 1990ஐ வைத்துப் பாருங்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூரில் இரவோடிரவாக நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5இல், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை இராணுவம் கொண்டுசென்றது, அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இருந்து கொண்டுசெல்லப்பட்ட நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இராணுவ முகாமில் கொல்லப்பட்டார்கள். பழங்கதை வெற்றிக்காக நிறுத்திய அதே இடங்களில், ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்குள், இரண்டு சமூகங்களும் தம் மையித்துகளை எண்ண வேண்டி வந்தது.

எந்த வழிகாட்டி இந்த வீதியால் நம் பிள்ளைகளை நடத்திச் செல்வார்? முஸ்லிம் வழிகாட்டி பள்ளிவாசல் சுவரின் துப்பாக்கிச் சூட்டு அடையாளங்களைக் காட்டிவிட்டுச் சத்துருக்கொண்டானில் பஸ்ஸை நிறுத்தாமல் போவார். தமிழ் வழிகாட்டி சத்துருக்கொண்டானில் நின்றுவிட்டு ஏறாவூரைத் தேநீர் குடிக்கும் இடமாக்குவார். இரண்டும் பொய்யில்லை. இரண்டும் பாதி. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் யார் என்று பார்த்தால், இரண்டு பக்கத்திலும் அன்றன்று உழைத்தவர்கள். ஊரைவிட்டுப் போக வசதியில்லாதவர்கள். தொழில் வரலாறும் இன அழிவின் வரலாறும் வேறுவேறு நடைகள் அல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

வெளியுலகில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது உதவும். நியூயோர்க் நகரில் ஓர்ச்சார்ட் வீதி 97ஆம் இலக்கத்தில் ஒரு பழைய தொடர்மாடி இருக்கிறது. 1863இல் கட்டப்பட்டது. 1935வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் ஏழாயிரம் ஏழைக் குடியேறிகள் அதில் மாறிமாறிக் குடியிருந்தார்கள். 1988இல் அதை மையமாக வைத்து ஒரு நூதனசாலையைத் தொடங்கினார்கள். அங்கே மன்னரும் இல்லை, தளபதியும் இல்லை. ஒரு குடும்பம் ஒரே அறையில் சமைத்து, தைத்து, தூங்கியதைக் காட்டுகிறார்கள். பிறகு வெளியே இறங்கி அந்தக் குடியிருப்பின் வீதிகளால் நடத்திச் செல்கிறார்கள். நமது கொழும்பிலேயே, ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்ததால் ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பெயர்பெற்ற கொம்பனித்தெருவில், மலாயர் முதலிய சமூகங்களின் வரலாற்றைச் சொல்லும் நடைகள் நடக்கின்றன.

நியூயோர்க்கின் இன்னொரு வழக்கம் என்னை அதிகம் தொட்டது. 1911 மார்ச் 25இல் அங்கே ஒரு தையல் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குடியேறிகளான இளம் பெண்கள். 2004 முதல் ஒவ்வொரு மார்ச் 25இலும் தொண்டர்கள் போய், இறந்த ஒவ்வொருவரும் வாழ்ந்த வீட்டு வாசலில் அவரது பெயரையும் வயதையும் வெண்கட்டியால் எழுதுகிறார்கள். மழை பெய்தால் அழிந்துவிடும். அடுத்த வருடம் திரும்ப எழுதுவார்கள். கல்வெட்டு இல்லை, திறப்பு விழா இல்லை, அமைச்சர் இல்லை. இருபது வருடங்களுக்கு மேலாக வெண்கட்டி பிடித்த கை என்னுடையது. ஆனால் அதை இப்படியும் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

நமது பக்கத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை 2015இல் திறக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கும் கூட்டிச் செல்கிறோம், செல்ல வேண்டும். ஆனால் எந்த நூதனசாலைக்கும் உள்ள ஒரு எல்லை உண்டு. பொருள் இருக்கும், பொருளைச் செய்தவரின் கூலி இருக்காது. தறியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம். தறிக்காரனின் இருமலை வைக்க முடியாது. அதற்கு வீதிக்கு இறங்கி, இன்னும் உயிரோடிருக்கும் ஒரு பழைய நெசவாளியின் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும்.

காத்தான்குடி பிரதான வீதியில் பேரீச்சை மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு அந்த ஊருக்கு வேறொரு வகைப் பார்வையாளர்கள் வந்தார்கள். அந்தத் தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் சிறுபிள்ளைகள் உட்பட அப்பாவிகள் உயிரிழந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவன் காத்தான்குடியில் பிறந்தவன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. வந்தவர்கள் பேரீச்சை மரங்களைப் படமெடுத்தார்கள். 'பாருங்கள், இது அரபு நாடு' என்று எழுதினார்கள். அதுவும் ஒருவகை வழிகாட்டப்பட்ட நடையே. எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வந்த நடை. ஆனால் கேள்வி நம்மையும் நோக்கித் திரும்புகிறது. நமது வீதியில் நம்மைச் சொல்லவென்று நாமே வைத்த அடையாளம் எது? பேரீச்சை மரம். தறியின் நாடாவோ, தவளத்து மாடோ, வாவித் தோணியோ அந்த வீதியில் இருந்திருந்தால், படமெடுக்க வந்தவனுக்கு வேறொரு கதையும் தெரிந்திருக்கும். நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்ல எடுத்துக்கொண்ட சிரமத்தில் பாதியை, இங்கே என்ன செய்தோம் என்பதைச் சொல்ல நாம் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று. வந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் போனவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. நமது பிரதேசத்தின் இன்றைய குடிபெயர் தொழிலாளி கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறாள். மூதூரின் ரிசானா நஃபீக், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு வீட்டுவேலைக்குப் போய், 2013 ஜனவரி 9இல் சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டாள். அன்று நாமெல்லாம் அழுதோம், கவிதை எழுதினோம். ஆனால் நமது ஊர்களில் கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் ஒரு பெண்ணின் ஐந்து வருட, பத்து வருட உழைப்பு இருக்கிறது. வீட்டு முகப்பில் கணவனின் பெயரோ 'மாஷா அல்லாஹ்' என்ற வாசகமோ இருக்கும். அவளது பெயர் இருக்காது. வரலாற்று நடை எங்கள் வீதிக்குள் வருமானால் அந்த வாசல்களிலும் நிற்க வேண்டும். யாரையும் கூச்சப்படுத்தாமல், அனுமதி கேட்டு, மரியாதையோடு.

நகரத்துக்குப் போய்வந்த இரண்டு மாதத்தின் பின் எங்கள் ஊருக்குள்ளேயே ஒரு சிறு நடையை நான் ஒழுங்கு செய்தேன். அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் போட்ட வரைபடத்தில் ஒன்பது இடங்கள். ஒன்பதும் ஆண்கள் வேலை செய்த இடங்கள். நூல் சுற்றிய வீட்டை, பன் பாய் இழைத்த முற்றத்தை, நெல் அவித்துக் குற்றிய குசினியைச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. பெண்பிள்ளைகள்தான் சுட்டிக்காட்டினார்கள். எங்கள் ஊர் மையவாடிக்குக் கபுறு தோண்டுகிறவரையும் நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு பையன் கேட்ட பிறகே ஞாபகம் வந்தது. தெரிவு என்பது எப்போதும் தெரிவு செய்பவனின் அளவுக்குத்தான் இருக்கிறது. முதலில் வந்த வழிகாட்டியின் மீது எனக்கிருந்த கோபம் அன்று பெரும்பாலும் தீர்ந்துபோனது.

நடையைத் துறையடியில் தொடங்கினோம். நமது பக்கத்தில் வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை ஆட்களும் சைக்கிள்களும் மாடுகளும் அந்தப் பாதையில்தான் ஏறி அக்கரை போனார்கள். பாலம் வந்தது பெரிய நன்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாதையில் போகும் நேரத்தில் அக்கரைத் தமிழனும் இக்கரை முஸ்லிமும் ஒரே பலகையில் நின்று மழையைப் பற்றியும் நெல்லு விலையைப் பற்றியும் கதைத்தார்கள். மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதைக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அந்த மேசனின் மகள் அன்று ஒரு கொப்பியோடு வந்தாள். வாப்பாவிடம் கேட்டு எழுதியது. ஊரில் அவர் கை வைத்த கட்டடங்களின் பட்டியல்: பள்ளிவாசலின் வுழூச் செய்யும் இடம், கூட்டுறவுக் கடை, பக்கத்துத் தமிழ் ஊரில் ஒரு கோயில் மதில், எமது பாடசாலையின் பத்தாம் தர வகுப்பறை. நான்காவதை வாசித்தபோது பிள்ளைகள் எல்லோரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். நான் வெண்கட்டியை அவளிடம் கொடுத்தேன். சுவரின் கீழ் மூலையில் வாப்பாவின் பெயரை எழுதினாள். மறுநாள் அது யாரோ ஒருவரின் கை பட்டு அரைவாசி அழிந்திருந்தது. அவள் திரும்ப எழுதினாள்.

வாசகர்கள் தத்தமது ஊரில் இதைச் செய்து பார்க்க வேண்டுமென்பது எனது வேண்டுகோள். ஏறாவூரிலிருந்து ஒருவர், ஓட்டமாவடியிலிருந்து ஒருவர், படுவான்கரைத் தமிழ்க் கிராமமொன்றிலிருந்து ஒருவர் எழுதட்டும். யார் கட்டினார், யார் நெய்தார், யார் சுமந்தார், யார் போய்த் திரும்பவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். எனது குறிப்புகளில் பிழைகள் இருந்தால் திருத்தட்டும். மூத்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள்.